மார்ட்டின் குருவிக்கு வீடு வைத்தவர்களுக்கு: வசந்த காலக் கவனிப்பு

தகைவிலான் குடும்பத்தில் வட அமெரிக்காவின் பெரிய பறவை இந்த ஊதா மார்ட்டின். குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில், பெரும்பாலும் பிரேசில் பக்கம் கழித்துவிட்டு, வசந்தத்தில் கூடு கட்ட வடக்கே வரும். ராக்கி மலைக்குக் கிழக்கே இது ஏறக்குறைய முழுக்க முழுக்க மனிதர் வைக்கும் வீட்டிலும் சுரைக்குடுக்கையிலும்தான் குஞ்சு பொரிக்கிறது. பூர்வகுடி மக்கள் குடுக்கை கட்டித் தொங்கவிட்ட காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு.

ஆகவே வீட்டை நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்றால் வேண்டவே வேண்டாம். கவனிப்பில்லாத மார்ட்டின் வீடு சிட்டுக்குருவிப் பண்ணையாகத்தான் முடியும். இன்னொன்று: கொசு ஒழியும் என்று எதிர்பார்த்து வைக்காதீர்கள். மார்ட்டின் பகலில், உயரத்தில் தட்டான், வண்டு, ஈ பிடிக்கும். கொசு தாழப் பறப்பது, பெரும்பாலும் இருட்டிய பிறகு.

படி 1: இடமும் வீடும்

கம்பம் 12 முதல் 15 அடி. சுற்றிலும் 40 அடிக்குள் உயரமான மரம் இருக்கக் கூடாது. 60 அடி திறந்தவெளி கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டிலிருந்து 100 அடிக்குள் இருக்கட்டும், ஆள் நடமாட்டத்தைப் பாதுகாப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். நிறம் வெள்ளை.

அறை 6 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். கடையில் விற்கும் 6-க்கு 6 அறைகளும் ஓடும், ஆனால் முட்டை வாசலை ஒட்டியே கிடப்பதால் மழை நனைக்கும், ஆந்தையின் காலும் எட்டும். வட்ட வாசல் என்றால் விட்டம் இரண்டே அரைக்கால் அங்குலம். மைனா குடும்பத்துப் பறவையான ஸ்டார்லிங்கின் தொல்லை உள்ள ஊரில் பிறைவடிவ வாசல் வையுங்கள்: 3 அங்குல அகலம், 30 மில்லிமீட்டர் உயரம். இதில் உயரம்தான் உயிர்நாடி. இரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் ஸ்டார்லிங் நுழைந்துவிடும். பிறையின் அடிப்பக்கம் திண்ணைத் தரையை ஒட்டி இருக்க வேண்டும். மேலே தூக்கி வெட்டினால் மார்ட்டினே நுழையத் திணறும்.

கப்பியோ வின்ச்சோ வைத்து இறக்கி ஏற்றும் கம்பமாக வாங்குங்கள். ஏணி போட்டு ஏறும் கம்பத்தில் யாரும் வாராவாரம் ஏறமாட்டார்கள்.

கம்பத்தில் நான்கைந்து அடி உயரத்தில், 8 அங்குல விட்டமும் குறைந்தது இரண்டடி நீளமும் உள்ள தகரக் குழாயைத் தடுப்பாக மாட்டுங்கள். ரக்கூனும் மரமேறும் பாம்பும் ஒரே இரவில் மொத்த வீட்டையும் காலி செய்யும். தடுப்பை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

படி 2: எப்போது திறப்பது

டெக்சஸ் வளைகுடாக் கரையில் முதல் பறவைகள் பிப்ரவரிக்குள் வந்துவிடும். பென்சில்வேனியாவில் ஏப்ரல் ஆகும். முதலில் வருவது வயதில் மூத்தவை, அவை போன வருடம் இருந்த இடத்துக்கே போகும். புதிய வீட்டைத் தேடி வருவது பெரும்பாலும் ஒரு வயதுப் பறவைகள்; அவை வாரக்கணக்கில் பிந்தி வரும். அதனால் புதிதாக வைப்பவர்கள், உங்கள் வட்டாரத்தில் முதல் பறவை தென்பட்டு நான்கு வாரம் கழித்துத் திறந்தால் போதும். முந்தித் திறந்தால் சிட்டுக்குருவி குடியேறும்.

திறக்குமுன் ஒவ்வொரு அறைக்கும் மார்க்கரால் எண் போட்டு, ஓர் அங்குலத்துக்கு உலர்ந்த பைன் ஊசியிலை பரப்புங்கள்.

படி 3: வேண்டாத குடித்தனம்

நம்மூரில் சிட்டுக்குருவிக்காகப் பெட்டி கட்டித் தொங்கவிடுகிறோம். இங்கே அமெரிக்காவில் அதே குருவி 1850-களில் நியூயார்க்கில் கொண்டுவந்து விடப்பட்ட அந்நியன். மார்ட்டின் முட்டையைக் கொத்தி உடைக்கும், குஞ்சைக் கொல்லும். ஸ்டார்லிங்கும் 1890-இல் அப்படி வந்ததுதான். இந்த இரண்டுக்கும் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு இல்லை, கூட்டைக் கலைக்கலாம். மார்ட்டின் உள்ளிட்ட உள்நாட்டுப் பறவைகளை 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் காக்கிறது. ஆகவே கையை வைக்குமுன் யாருடைய கூடு என்று தெரிந்தாக வேண்டும்:

- மார்ட்டின்: தட்டையான கூடு, குச்சியும் புல்லும், வாசலோரம் சேற்று வரப்பு, மேலே பச்சை இலை. முட்டை தூய வெள்ளை.
- சிட்டுக்குருவி: கூரை போல மூடிய புல் குவியல், இறகு, காகிதம், நூல். முட்டையில் பழுப்புப் புள்ளி.
- ஸ்டார்லிங்: வெளிர் நீல முட்டை. நீலக்குருவியின் முட்டையும் நீலம்தான், அதுவோ பாதுகாக்கப்பட்டது. ஐயம் இருந்தால் தொடாதீர்கள்.

படி 4: வாராந்தரப் பார்வை

ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறிய முற்பகலில் இறக்கிப் பாருங்கள். மழையிலும் குளிரிலும் வேண்டாம். முதலில் கம்பத்தை இரண்டு தட்டு தட்டினால் உள்ளே இருப்பவை வெளியேறும். பிறகு மெதுவாக இறக்கி, அரைமணிக்குள் முடித்துவிடுங்கள்.

வீடு எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதற்குக் கம்பத்திலும் வீட்டிலும் ஒரே நேர்க்கோட்டில் பெயிண்ட் கோடு போடுங்கள். மார்ட்டின் தன் அறையை இடத்தை வைத்தே அறியும். வீடு கால்வட்டம் திரும்பிய நிலையில் ஏற்றினாலும் தாய் வேறு அறைக்கு இரை கொண்டுபோய் நிற்கும், சொந்தக் குஞ்சு பட்டினி கிடக்கும்.

நாளுக்கு ஒரு முட்டை, மொத்தம் நாலிலிருந்து ஆறு. கடைசிக்கு முந்தின முட்டையோடு அடைகாப்புத் தொடங்கும். 15, 16 நாளில் பொரிக்கும். குறிப்பேட்டில் இப்படிக் கணக்கு ஓடும்: 7-ஆம் அறை, மே 8 அன்று 2 முட்டை, மே 14 அன்று 5. அப்படியானால் ஐந்தாவது முட்டை மே 11, அடைகாப்பு மே 10, பொரிப்பது மே 25, 26. குஞ்சுக்கு 22 நாள் ஆவது ஜூன் 16. அதற்குப் பிறகு அந்த வீட்டை இறக்கக் கூடாது. பயந்து குதிக்கும் குஞ்சுக்குச் சிறகு முற்றியிருக்காது. தானாகப் பறப்பது 26 முதல் 32 நாளுக்குள்.

வெறும் தேதியை மட்டும் எழுதிவைப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். அறை வாரியாக எழுதுங்கள்.

படி 5: கூட்டை மாற்றுவது

குஞ்சின் உடம்பில் செள்ளு ஊர்ந்தாலோ, கூடு மழையில் ஊறியிருந்தாலோ மாற்றுங்கள், முட்டை இருக்கும்போது வேண்டாம். குஞ்சுக்குப் பத்து நாள் ஆகும்போது ஒருமுறை, இருபது நாள் ஆகும்போது ஒருமுறை போதும். வாளியில் மரச்சீவல் போட்டுக் குஞ்சுகளை அதில் வையுங்கள். பழைய கூட்டைப் பையில் கட்டி, அறையைச் சுரண்டித் துடைத்து, ஒன்றரை அங்குலம் புதிய பைன் ஊசியிலை போட்டு நடுவில் கையால் குழி அமைத்து, அதே அறையில் விடுங்கள். பூச்சிமருந்துத் தூள் எதுவும் வேண்டாம். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கும் என்பது கட்டுக்கதை. கீழே விழுந்ததையும் எடுத்து அதன் அறையில் விடலாம்.

குளிர் திரும்பினால்

வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பூச்சி பறக்காது. மூன்று நான்கு நாள் இப்படியே நீடித்தால் பறவைகள் சாகும். உறைய வைத்த சுவர்க்கோழிப் பூச்சிகளை இளக்கி, வீட்டின் முன் ஒவ்வொன்றாக மேலே எறிந்து பழக்குங்கள், பறந்தே பிடிக்கும். பழகிய பிறகு தட்டில் வைத்தாலும் எடுக்கும். எண்ணெய் சேர்க்காமல் கிளறிய முட்டையும் ஆகும். முட்டையிடும் பருவம் முழுக்க, வேகவைத்து உலர்த்தி நொறுக்கிய கோழிமுட்டை ஓட்டைத் தனித் தட்டில் வையுங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு.

குஞ்சு பறந்த பிறகு

காலியானதும் உடனே கழற்றிவிடாதீர்கள், சில வாரம் இரவு தங்க வரும். அடுத்த வருடம் இடம் தேடும் இளசுகளும் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். அவையும் போனபின் எல்லாக் கூட்டையும் அள்ளி, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கழுவி, வெயிலில் காயவைத்து, வாசல்களை அடைத்துவிடுங்கள்.