தங்கூசி கட்டி வீட்டு முற்றத்திலேயே வீல் எலைன்மென்ட் பார்ப்பது எப்படி

போன வருடம் என் காரின் முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. வெளியே நின்று பார்த்தால் புதுசு மாதிரி, குனிந்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். அதற்கு மூன்று மாதம் முதல்தான் ஓரிடத்தில் காசு கொடுத்து எலைன்மென்ட் செய்திருந்தேன், ஆனால் டை ரொட் எண்ட் (சில்லைத் திருப்புகிற கம்பியின் முனை மூட்டு) ஆடுகிறதா என்று அங்கே யாரும் அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு எந்த மெஷினில் அளந்தாலும் அது முதல் குழியிலேயே மாறிவிடும். அன்றிலிருந்து நானே அளக்கிறேன். 2020 மார்ச்சில் இலங்கையில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, இங்கே திருகோணமலையில் எங்களில் பலர் இன்னும் பழைய காரைத்தான் பாதுகாத்து ஓட்டுகிறோம், டயர் விலையும் எல்லாருக்கும் தெரியும்.

எலைன்மென்ட் என்றால் சில்லு நிற்கிற மூன்று கோணம்: டோ, கேம்பர் (முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்வது), காஸ்டர் (சில்லு திரும்புகிற அச்சு முன்பின்னாகச் சாய்வது). டயரை வேகமாகத் தின்பது டோதான், வீட்டில் திருத்தக்கூடியதும் அது ஒன்றுதான். மேலே இருந்து பார்க்கும்போது இரண்டு சில்லின் முன்பக்கமும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்ந்திருந்தால் டோ இன், வெளியே விரிந்திருந்தால் டோ அவுட். 13 அங்குல றிம்மின் விளிம்பு ஏறத்தாழ 36 சென்ரிமீட்டர் குறுக்களவு, அதில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒரு பாகை. ஒரு சில்லு 3 மில்லிமீட்டர் பிசகி நின்றால் அரைப் பாகை, அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் எட்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டாக இழுபடுகிறது. திருகோணமலையிலிருந்து கொழும்பு போய்ச் சேருமுன் இரண்டு கிலோமீட்டர் தூரம் தாரில் டயரைத் தேய்த்த கணக்கு!

முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் குறுக்காக ஒரு பக்கம் ஓட்டினால் வழுவழுப்பு, மறுபக்கம் ஓட்டினால் வாள் பல் மாதிரி கீறுகிறது என்றால் டோ பிழை. ஒரே ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். இரண்டு ஓரமும் தேய்வது காற்றுக் குறைவு, நடு தேய்வது காற்றுக் கூடுதல். 80இல் போகும்போது ஸ்டியரிங் நடுங்குவது பலன்சிங் பிரச்சினை, எலைன்மென்டோடு சம்பந்தமில்லை. கார் லேசாக இடப்பக்கம் போவதை வைத்தும் உடனே முடிவுக்கு வரவேண்டாம், நாங்கள் இடப்பக்கம் ஓட்டுகிறோம், தண்ணீர் வடிய வீதி அந்தப் பக்கம்தான் சரிந்திருக்கும்.

அடுத்து ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஒவ்வொரு முன் சில்லையும் ஆட்டிப் பாருங்கள். மணிக்கூட்டின் 9இலும் 3இலும் பிடித்து ஆட்டும்போது தளர்வு இருந்தால் டை ரொட், 12இலும் 6இலும் இருந்தால் பெயரிங் அல்லது போல் ஜொயிண்ட். தளர்வு இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. வெறும் ஜக்கை நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் இல்லை என்றால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சாமான்கள் பெரிதாக ஒன்றுமில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் தங்கூசி (நைலோன் தூண்டில் நரம்பு) ஒரு சுருள், இழுத்துக் கட்டினால் இது நேராக இறுக நிற்கும், மெல்லிசாக இருப்பதால் அளவும் துல்லியமாக வரும். காரின் அகலத்தை விடக் கொஞ்சம் நீளமான, வளையாத இரும்புக் குழாய் இரண்டு, அவற்றைத் தாங்க நாலு கதிரையோ கல்லோ. இரும்பு அடிமட்டம் ஒன்று (அளவு நாடா வளையும், வேண்டாம்), ஸ்பனர்கள், சோக்குக் கட்டி. கறள் இளக்கும் எண்ணெய் கட்டாயம், நாங்கள் உப்புக்காற்றில் இருக்கிறோம். உவர்மலையிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்து நிறுத்துகிற காரில் டை ரொட்டின் நீளம் மாறாமல் பிடித்துவைக்கிற லொக் நட் ஒட்டிப்பிடித்திருக்கும். முதல் நாள் பின்னேரமே கம்பித் தூரிகையால் புரியைத் துப்புரவாக்கி எண்ணெய் விட்டுவிடுங்கள், அப்புறம் காலையில் ஒரு தரம் விடுங்கள். இதைச் செய்யாமல் பலத்தைக் காட்டினால் நட்டின் மூலை வழுகிப்போகும், பிறகு பாடுதான்.

சரி, வேலைக்கு வருவோம். சமமான சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள், மணலில் சரிவராது. மட்டம் சந்தேகமாக இருந்தால் மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாயால் நாலு சில்லு நிற்கும் இடத்தையும் பார்க்கலாம். நாலு டயருக்கும் சரியான காற்று, டிக்கி காலி. முன் சில்லு ஒவ்வொன்றின் கீழும் இரண்டு பொலித்தீன் தாளை, இடையில் கிரீஸ் பூசி வையுங்கள், அப்போதுதான் டோவைத் திருத்தும்போது சில்லு தரையில் இறுகாமல் திரும்பும். ஸ்டியரிங்கை ஒரு முடிவிலிருந்து மறுமுடிவு வரை சுற்றி எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, இருக்கையோடு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

இனித் தங்கூசி. குழாய் இரண்டிலும் ஒரே இடைவெளியில் இரண்டு வெட்டு அடையாளம் போட்டு, ஒன்றைக் காருக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் சில்லின் நடு உயரத்தில் வைத்து, இருபக்கமும் தங்கூசியை இழுத்துக் கட்டுங்கள். இடைவெளி ஒன்றாக இருப்பதால் இரண்டு தங்கூசியும் தானாகவே சமாந்தரமாக இருக்கும். ஆனால் காருக்கும் நேராக இருக்க வேண்டுமே, அதற்குத்தான் அடுத்த வேலை, அவசரப்படாதீர்கள். தங்கூசியிலிருந்து சில்லின் நடு வரை அளந்து, பின் சில்லு இரண்டிலும் ஒரே அளவு, முன் சில்லு இரண்டிலும் ஒரே அளவு வரும்வரை குழாய்களை மெல்ல நகர்த்துங்கள். முன் அளவும் பின் அளவும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை, பல கார்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அகலம் வேறு. எனக்கு முதல் தடவை இதற்கே முக்கால் மணித்தியாலம் போனது, அந்த நேரம் வீணில்லை.

பிறகு ஒவ்வொரு முன் சில்லிலும் தங்கூசியிலிருந்து றிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் அளந்து எழுதுங்கள். றிம் கொஞ்சம் நெளிந்திருக்கலாம் என்பதால், டயரில் சோக்கால் கோடு போட்டுவிட்டு, காரைச் சில்லு அரைச் சுற்றுச் சுற்றும் அளவுக்கு முன்னே தள்ளி, குழாய்களையும் பொலித்தீனையும் மறுபடி சரிசெய்து இன்னொரு தடவை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

உதாரணமாக, இடச்சில்லில் முன் 142, பின் 139 மில்லிமீட்டர் என்றால் முன்பக்கம் உள்ளே போயிருக்கிறது, 3 டோ இன். வலச்சில்லில் முன் 140, பின் 141 என்றால் 1 டோ அவுட். மொத்தம் 2 டோ இன், பெரும்பாலான சின்ன முன்சில்லு இழுவைக் கார்களுக்கு இது ஏற்கத்தக்க அளவே. ஆனால் இரண்டு சில்லும் வலப்பக்கம் பார்க்கின்றன, நேராக ஓட ஸ்டியரிங்கை இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டிவரும். ‘எலைன்மென்ட் செய்தும் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது’ என்று பலர் சொல்வது இதைத்தான். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே முதலிடம். அது கிடைக்காவிட்டால் மொத்தம் 0 முதல் 2 மில்லிமீட்டர் டோ இன், இரண்டு பக்கமும் சமமாக.

திருத்தும்போது டை ரொட் எண்டை ஒரு ஸ்பனரால் பிடித்துக்கொண்டு லொக் நட்டைத் தளர்த்துங்கள். றப்பர் உறையின் கிளிப்பையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரொட்டோடு சேர்ந்து முறுகிக் கிழியும். ரொட்டில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டால் எத்தனை சுற்று என்று எண்ணலாம். ரொட்டைச் சுற்றினால் அதன் நீளம் மாறும், கால் சுற்றுக்கு டோ ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மாறும், காருக்குக் கார் கொஞ்சம் வேறுபடும். ரொட் அச்சுக்குப் பின்னால் இருக்கிற காரில் அதை நீட்டினால் டோ இன் கூடும், முன்னால் இருந்தால் எதிர்மாறு. மேலே சொன்ன உதாரணத்தில், ரொட் பின்னால் இருந்தால், இடப்பக்கம் அரைச் சுற்றுக் குறைத்து வலப்பக்கம் அரைச் சுற்று நீட்ட, இரண்டும் 1 டோ இன் ஆகும்.

திருத்திய கையோடு அளந்து நம்பாதீர்கள். காரை இரண்டு மீட்டர் பின்னே தள்ளி, முன்னே கொண்டுவந்து சில்லு இயல்பாக நிற்கவிட்டு, தங்கூசியைச் சரிபார்த்து அளங்கள், ஜக்கிலிருந்து இறக்கிய பிறகும் அப்படியே. மூன்று தடவை ஒரே அளவு வந்தால் லொக் நட்டை இறுக்கி, கிளிப்பைப் போட்டு, புரியில் கிரீஸ் பூசுங்கள், அடுத்த தடவை கறளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

தூக்குநூல் பிடித்துக் கேம்பரையும் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலான சின்னக் கார்களில் அதைத் திருத்த ஒழுங்கு இல்லை. இடம் வலம் பெரிய வித்தியாசம் வந்தாலோ, பின் சில்லு ஒன்று கோணலாகத் தெரிந்தாலோ ஏதோ வளைந்திருக்கிறது, அதற்கு நல்ல கராஜ்தான் வழி.

கடைசியாக, விடிய வாகனம் குறைந்த நேரத்தில் நிலாவெளி வீதியில் ஓட்டிப் பாருங்கள், சமதரை, நேரான துண்டுகள் இருக்கின்றன. முதலில் 30இல் மெதுவாக, பிரேக்கும் பிடித்துப் பார்த்து, பிறகு 60. ஸ்டியரிங் இன்னும் கொஞ்சம் கோணல் என்றால் ஒரு பக்கம் குறைத்து மறுபக்கம் அதே அளவு நீட்டுங்கள், மொத்த டோ மாறாது. அளவுகளை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைத்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டயரை மறுபடி தடவிப் பாருங்கள்.