நினைவு வீச்சு: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

"மாடிக்குப் போய்க் கொடியில கிடக்கிற துணியை எடுத்துட்டு, மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, வரும்போது பாட்டியோட மருந்து டப்பாவையும் எடுத்துக்கிட்டு, கேட்டைப் பூட்டிட்டு வா."

ஏழு வயதுப் பையனிடம் அம்மா ஒரே மூச்சில் சொல்கிறார். பையன் துணியோடு வந்து நிற்கிறான். மேலே தொட்டி வழிகிறது. அப்புறம் என்ன, "காதுல என்ன பஞ்சையா வச்சிருக்க?" என்ற அர்ச்சனைதான்.

அவன் நன்றாகவே கேட்டான். படியேறுவதற்குள் பாதி நழுவிவிட்டது, அவ்வளவுதான். ஒருமுறை கேட்டதை, கேட்ட வரிசையிலேயே உடனே திருப்பிச் சொல்ல எவ்வளவு முடிகிறதோ அதைத்தான் நினைவு வீச்சு என்கிறோம். அது பெரியவர்களுக்கே சிறியது, குழந்தைகளுக்கு இன்னும் சிறியது. 1887-இலேயே ஜோசப் ஜேக்கப்ஸ் லண்டனில் பள்ளி மாணவியரிடம் எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்துப் பார்த்தார். வயது ஏற ஏற வீச்சும் கூடுவது அப்போதே தெரிந்துவிட்டது. ஆக, நாம் செய்யும் முதல் தவறு, மிக அதிகம் நடக்கும் தவறும்கூட, வீச்சின் குறைவைக் கீழ்ப்படியாமை என்றோ மந்தம் என்றோ எடுத்துக்கொள்வது. வகுப்பில் "நோட்டை எடு, தேதி போடு, மார்ஜின் விடு, 42-ஆம் பக்கத்தில் மூன்றாவது கணக்கு" என்று அடுக்கும்போதும் இதேதான் நடக்கிறது. இரண்டு இரண்டாகச் சொல்லுங்கள். சொன்னதை அவன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பலகையில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது, "மனித மூளைக்கு ஏழுதான் கணக்கு" என்ற நம்பிக்கை. 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த ஏழு ஊரெல்லாம் பரவியது. ஆனால் அவர் எண்ணியது தனித்தனி எழுத்துகளையோ இலக்கங்களையோ அல்ல, கொத்துகளை. 19472025 என்பதை முன்பின் யோசிக்காமல் படித்தால் எட்டு இலக்கம். சுதந்திரம் கிடைத்த ஆண்டும் 2025-உம் என்று பார்த்தால் இரண்டே கொத்து. எது கொத்தாகும் என்பது நமக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. மனத்துக்குள் சொல்லிப் பார்க்கவோ கொத்தாகச் சேர்க்கவோ வழியில்லாதபோது உண்மையில் நிற்பது நான்கு அளவில்தான் என்று 2001-இல் நெல்சன் கவன் வாதிட்டார். எனவே "ஏழு இலக்கம் சொல்ல முடியவில்லை, எனக்கு ஏதோ கோளாறு" என்று பயப்பட வேண்டாம்.

மொழியை மறந்துவிடுவது இன்னொரு தவறு. இது நம்மை நேராகவே தொடும் விஷயம். கேட்டதைப் பிடித்துவைக்க நாம் அதை மனத்துக்குள் ஓசையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். சுமார் இரண்டு நொடியில் எவ்வளவு சொல்ல முடிகிறதோ அவ்வளவுதான் நிற்கிறது என்று ஆலன் பேட்லியும் உடன் உழைத்தவர்களும் 1975-இல் காட்டினார்கள். நீளமான சொற்கள் என்றால் குறைவாகத்தான் நிற்கும். வேல்ஸ் நாட்டில் வேல்ஷ் மொழி பேசும் குழந்தைகள் எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைவிடக் குறைவாக எடுத்ததற்கும் இதுவே காரணம் என்று 1980-இல் தெரியவந்தது. வேல்ஷ் மொழியில் எண்களைச் சொல்லக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, குழந்தைகளிடம் ஒரு குறையும் இல்லை.

இப்போது நம் எண்களைச் சொல்லிப் பாருங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஒம்பது. ஒன், டூ, த்ரீ, ஃபோர் எல்லாம் வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடுகின்றன. தமிழிலேயே பேசி வளர்ந்தவர்கள்கூட செல்போன் எண்ணை "நைன் எயிட் ஃபோர்" என்று சொல்வதற்குப் பழக்கம்தான் பெரிய காரணம், ஆனால் நாக்குக்கும் அது சுலபம். அதனால் தமிழில் சோதித்த குழந்தையின் மதிப்பெண்ணை ஆங்கிலக் குழந்தைகளுக்காகப் போட்ட அட்டவணையோடு ஒப்பிட்டு "சராசரிக்குக் கீழே" என்று எழுதுவது அநியாயம். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு வரி பல வருடங்களுக்குக் குழந்தையின் பின்னாலேயே வரும்.

வீட்டில் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். எண்களை நொடிக்கு ஒன்றாக, ஒரே குரலில் சொல்லுங்கள். மூன்று மூன்றாக இழுத்துச் சொன்னால் கொத்துக் கட்டும் வேலையை நீங்களே செய்துகொடுத்தது போலாகிவிடும். பக்கத்தில் டிவி பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பல், கல், வில், சொல் என்று ஒரே ஓசையில் வரும் சொற்கள் குழம்பும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தூக்கம் கெட்ட நாளில், பரீட்சைப் பயத்தில் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

சரி, பயிற்சியால் வீச்சைப் பெருக்க முடியாதா? மூளைப் பயிற்சி ஆப்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு அமெரிக்க மாணவரின் கதையைக் கேளுங்கள். 1980-இல் வெளியான ஆய்வு அது. ஒன்றரை ஆண்டுக்கு மேல், 230 மணி நேரம் பயின்று, ஏழு இலக்கத்திலிருந்து 79 இலக்கத்துக்குப் போனார். அவர் ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால் ஒரு மைல் ஓடிய நேரமாக, 3 நிமிடம் 49.2 நொடி என்று பிடித்துக்கொள்வார். பிறகு எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு அளவில் நின்றுவிட்டார்! வளர்ந்தது எண்களைக் கொத்தாக்கும் திறமை, வீச்சு பழைய அளவிலேயே இருந்தது. 1907-இல் சென்னையில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்து நினைவில் வைக்கும் கலையை, செய்துகாட்டிய செய்குத்தம்பிப் பாவலரைப் போன்றவர்களுக்கும் பல ஆண்டுக் கல்வியும் யாப்பும்தான் துணை நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்கள். ஓடிபி வந்தது, படித்தார், அதற்குள் யாரோ "காபி போடட்டுமா?" என்று கேட்டார்கள், எண் போய்விட்டது. உடனே "அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சு" என்று பேச வேண்டாம். 1959-இல் பீட்டர்சன் தம்பதியர் கல்லூரி மாணவர்களுக்கு மூன்றே எழுத்துகளைக் கொடுத்து, உடனே ஒரு எண்ணைச் சொல்லி, அதிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். 18 நொடியில் ஏறக்குறைய எல்லாம் அழிந்திருந்தது. இளைஞர்களுக்கே அந்தக் கதி. தெரிந்த தெருவிலேயே வழி தவறினால், சொன்ன பதிலையே மறந்து அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஓடிபி மறந்ததற்கு அது வேண்டாம். அவர் தட்டி முடிக்கும்வரை காபியைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் போதும்.