பயோஃப்ளாக் தொட்டியில மீன் நல்லா வளரணுமா, முதல்ல தண்ணிய தயார் பண்ணுங்க

நிறைய பேரு தார்பாய் தொட்டி போட்ட மறுநாளே மீன் குஞ்சு வாங்கிட்டு வந்து விட்டுடறாங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. பயோஃப்ளாக்னா தண்ணிய அடிக்கடி மாத்தாம பாக்டீரியாவ வச்சே கழிவ சமாளிக்கற மீன் வளர்ப்பு முறை, இதுல மீனுக்கு முன்னாடி பாக்டீரியாவ வளர்க்கணும், வளர்ச்சி, நோய் வராம இருக்கறது எல்லாம் அத வச்சுதான்.

30 சதவீதம் புரதம் உள்ள தீவனம் ஒரு கிலோ போட்டா அதுல சுமார் 48 கிராம் நைட்ரஜன் இருக்கு, மீன் உடம்புல ஒட்டுறது அதுல கால்வாசிதான், மிச்சமெல்லாம் தண்ணிக்கே போய் அம்மோனியா ஆகுது. குளம்னா தண்ணிய மாத்தி சமாளிப்போம். இங்க அதுக்கு பதிலா வெல்லமோ மொலாசஸோ (சர்க்கரை ஆலை கழிவுப்பாகு) கரைச்சு ஊத்தறோம், பாக்டீரியா அத தின்னு பெருகும்போது அம்மோனியாவையும் சேத்து இழுத்துக்கும், அப்புறம் பாசி, நுண்ணுயிர்லாம் சேந்து பழுப்பு துகளா மிதக்கும், அதான் ஃப்ளாக். ஜிலேபி கெண்டை அத தின்னுடும், அதனால தீவனமும் ஓரளவு மிச்சமாகும். இஸ்ரேல் விஞ்ஞானி யோரம் அவ்னிமெலக், எவ்வளவு நைட்ரஜனுக்கு எவ்வளவு சர்க்கரைச்சத்து வேணும்ங்கற கணக்க 1999ல விளக்கி எழுதினாரு, இப்பவும் அதான் அடிப்படை.

மீனுன்னா கிஃப்ட் திலேப்பியாதான் (ஜிலேபி கெண்டையில மேம்படுத்தின ரகம்) என் முதல் சாய்ஸ், ஆனா அத வளர்க்க மீன்வளத்துறையில பதிவு வேணும், முன்னாடியே பேசிடுங்க. விரால் ஃப்ளாக்க தின்னாது, அதனால இந்த முறையோட பாதி லாபம் அதுல கிடைக்காது.

4 மீட்டர் அகல வட்ட தொட்டியில 1 மீட்டர் தண்ணி நின்னா சுமார் 12,500 லிட்டர். போர் தண்ணி ரொப்பி ரெண்டு நாள் ஏர் ஓட விடுங்க, குளோரின் கலந்த குழாய் தண்ணின்னா இது கட்டாயம். அப்புறம் 1000 லிட்டருக்கு 1 கிலோ கல் உப்பு, கூட கொஞ்சம் வெல்லமும் ப்ரோபயாட்டிக்கும் (நல்ல பாக்டீரியா கலவை), ஏற்கனவே ஓடற நோயில்லாத தொட்டி தண்ணி ரெண்டு குடம் கிடைச்சா இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ரெண்டு வாரம் பொறுத்து குஞ்சு விடுங்க. ஆரம்பத்துல 1000 லிட்டருக்கு 10, 15 கிலோ மீனுக்கு மேல ஆசைப்படாதீங்க.

வெல்லம் எவ்வளவுன்னு கண்ணளவுல போடக்கூடாது. 1 கிராம் அம்மோனியாவுக்கு சுமார் 20 கிராம் சர்க்கரைச்சத்து வேணும். 10,000 லிட்டர்ல அம்மோனியா டெஸ்ட் கிட் லிட்டருக்கு 1 மில்லிகிராம்னு காட்டினா தொட்டி முழுக்க 10 கிராம், அப்போ 200 கிராம், வெல்லத்துல ஈரம் அழுக்குலாம் இருக்கும்ங்கறதால 250 வரைக்கும் போடலாம். காலையில போடுங்க, ராத்திரி வேண்டவே வேண்டாம், ஏன்னா வெல்லம் போட்டதும் பாக்டீரியா ஆக்சிஜன உறிஞ்ச ஆரம்பிச்சிடும், ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு கீழ போகவே விடாதீங்க.

தினமும் காலையில இம்ஹாஃப் கோன்ல (அளவு கோடு போட்ட கூம்பு பாத்திரம்) ஒரு லிட்டர் தண்ணி எடுத்து அசைக்காம அரை மணி நேரம் வைங்க. அடியில பஞ்சு மாதிரி பழுப்பா படியும், மேல தண்ணி ஓரளவு தெளிஞ்சிருக்கும். திலேப்பியாவுக்கு 25லேருந்து 50 மில்லி வரைக்கும் சரி. அதுக்கு மேல போனா செவுள்ல அடைக்கும், தொட்டி நடுவுல இருக்கற குழாய திறந்து அடியில தங்கின கசட வெளிய விடுங்க. படிஞ்சது கறுப்பா அழுகின முட்டை வாடை அடிச்சா எங்கயோ மூலையில காத்து போகலன்னு அர்த்தம், ஏர் ஸ்டோன இடம் மாத்தி வைங்க.

மீன் தீவனத்துக்கு மேல வரல, செவுள் சாக்லேட் கலர்ல இருக்குன்னா உடனே தண்ணியில நைட்ரைட் (அம்மோனியாவுலேருந்து உருவாகற விஷப்பொருள்) எவ்வளவுன்னு பாருங்க. அது ரத்தத்துல ஆக்சிஜன் ஏறவிடாது. கடைக்காரர் குடுக்கற ஆன்டிபயாட்டிக்க ஊத்தினா நோயும் போகாது, வளத்த பாக்டீரியாவும் செத்துடும். உப்புதான் இங்க மருந்து, தீவனத்த குறைங்க, கொஞ்சம் தண்ணியும் மாத்துங்க. காரத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு கீழ இறங்கினா சமையல் சோடா கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, ஒரே அடியா கொட்டாதீங்க, பிஎச் எகிறினா அம்மோனியா விஷம் கூடிடும்.

இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இல்லாம இதுல இறங்கவே வேண்டாம். ஃப்ளாக் நிறைஞ்ச தொட்டியில மீனோட சேந்து பாக்டீரியாவும் மூச்சு விடுது, கரண்ட் போய் ஒரு மணி நேரம் காத்து நின்னாலே பெரிய மீன்லாம் மேல வந்து வாய பொளக்கும். கரண்ட் போனா அலாரம் அடிக்கற மாதிரி வச்சுட்டு தூங்குங்க, காத்து திரும்பி மீன் நிதானமாகற வரைக்கும் தீவனமும் வெல்லமும் போடாதீங்க.