மோகல் பழக நீலத் தடமே போதும்

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள வின்டர் பார்க் பனிச்சறுக்கு மையத்தில், மேரி ஜேன் என்ற மலைப்பக்கம் பேர் போனதே மோகலுக்குத்தான். பலரும் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பிப் பனியைத் தள்ளுவதால் எழும் மேடுகள் இவை. செங்குத்தான கறுப்புத் தடத்தில் (கடினமான தடங்களுக்கு இந்த நிறம்) இறங்கினால் மூன்றாவது மேட்டுக்குள் என் உடம்பு பின்னால் சாயும்; காலில் மாட்டிய ஸ்கீ பலகை இரண்டும் முன்னால் ஓடிவிடும்.

சரி, சரிவைக் குறைத்துப் பார்ப்போம் என்று நடுத்தரக் கடினமுள்ள நீலத் தடத்துக்கு வந்தேன். அதில் ஒரு பாதியை இயந்திரம் விட்டுச் சமன்செய்து, மறுபாதியை மேடாகவே விட்டிருந்தார்கள். பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வேகம் கூடினால் பக்கத்துச் சமதடத்துக்கு ஒதுங்கிக்கொள்ளலாம்.

மேட்டின் உச்சியில் ஸ்கீயின் முனையும் வாலும் அந்தரத்தில் இருக்கும். காலுக்கு அடியில் உள்ள நடுப்பகுதி மட்டுமே பனியைத் தொடும். திருப்புவதற்கு அதுதான் இடம். உச்சியைத் தாண்டிக் கைக்கோலை ஊன்றி, உச்சியிலேயே ஸ்கீயைத் திருப்பி, பின்சரிவில் பக்கவாட்டாகச் சறுக்கினேன். வேகம் தானாக அடங்கியது. முழங்கால் மேட்டில் மடங்க வேண்டும், பள்ளத்தில் நீள வேண்டும். எனக்குக் கைகொடுத்தது இன்னொன்று: கோல் ஊன்றிய கையை உடனே முன்னால் கொண்டுவருவது. கை பின்தங்கினால் உடம்பும் பின்தங்கும்.

காலையில் மேடுகள் உறைந்து கெட்டியாக இருக்கும். ஏப்ரல் வெயிலில் மதியத்துக்கு மேல் இளகிவிடும்; விழுந்தாலும் அவ்வளவாக வலிக்காது. முதலில் இரண்டு மேடு, நிறுத்தம். அப்புறம் நான்கு.