வெப்சைட்டுக்கு லோகோ வேண்டுமா? முதலில் உங்கள் கடை போர்டைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை, காசிமேட்டில் மீன் வியாபாரம், பெரம்பூரில் பேக்கரி, எதுவாக இருந்தாலும் முதன்முதலாக வெப்சைட் போடும்போது டிசைனர் கேட்பது "லோகோ இருக்கா?" என்றுதான். "இல்ல, நீங்களே ஏதாவது போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு லோகோ இருக்கிறது, கடை வாசலில் மாட்டியிருக்கிற போர்டுதான் அது. இத்தனை வருஷமாகத் தெருவே பார்த்துப் பழகிய எழுத்தையும் நிறத்தையும் விட்டுவிட்டு, எங்கேயோ இருந்து ஒரு உலக உருண்டையையும் வளைந்த அம்புக்குறியையும் கொண்டுவந்து வைத்தால், வெப்சைட்டைத் திறக்கிற பழைய வாடிக்கையாளருக்கே இது நம்ம கடைதானா என்று சந்தேகம் வரும்.

எதிர்ப்பக்கம் போய் நின்று போர்டை நேராகப் படம் எடுங்கள். பில் புக், கேரி பேக், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம் இருந்தால், ரொம்ப நாளாக வருகிற வாடிக்கையாளர்கள் சிலரிடம் "நம்ம போர்டு என்ன கலர்?" என்று, போர்டைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற நிறம்தான் உங்கள் நிறம்.

கையால் எழுதிய போர்டு என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். வடசென்னையில் கடைக்கும் படகுக்கும் பேர் எழுதுகிற கைகளில் இருக்கிற வளைவு எந்த ஃபான்ட்டிலும் கிடைக்காது. எழுதியவர் இருந்தால் அவரையே அழைத்து, வெள்ளை சார்ட்டில் கறுப்பு பெயின்டால் அதே பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், அதற்குரிய கூலியைக் கொடுத்து, லோகோவாகப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஸ்கேன் செய்து, இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பென் டூல் வைத்து மேலேயே வரைந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி ஃபைல் கிடைக்கும். மென்பொருளே தானாக வரைந்துவிடுகிற ஆட்டோ டிரேஸ் வேண்டாம், ஓரமெல்லாம் பிசிறடிக்கும்.

ஃப்ளெக்ஸ் போர்டு என்றால் அடித்துக் கொடுத்த இடத்தில் அதை டிசைன் செய்த கோரல்டிரா ஃபைலையே கேளுங்கள், எழுத்துகளை 'கர்வ்ஸ்' ஆக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். ஏனென்றால் டிடிபி சென்டர்களில் இன்னமும் பாமினி மாதிரி யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லாத பழைய ஃபான்ட்கள் ஓடுகின்றன, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் கடைப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். இன்னொரு சிக்கல், பழைய ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான செட்டிங் போடாமல் தமிழை டைப் செய்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் தெரியாத டிசைனருக்கு அது கண்ணில் படாது. அதனால் அனுப்புகிற ஒவ்வொரு டிசைனையும் நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

அப்புறம், சிறிதாக்கிப் பாருங்கள். பிரவுசர் டேபில் வருகிற ஐகான் 16 அல்லது 32 பிக்சல்தான். வாட்ஸ்அப் டிபி வட்டமாக வெட்டிவிடும். முழுப் பெயர் அதில் நிற்காது, முதல் எழுத்தை மட்டும் எடுத்துப் போடுங்கள். ண, ஞ, ஜ மாதிரி சுழி நிறைந்த எழுத்து என்றால் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கி உள் இடைவெளியைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புப் பொட்டாக அடைத்துக்கொள்ளும். ஒரே நிறத்திலும் அடித்துப் பாருங்கள், தெர்மல் பில்லில் கலர் வராதே!

நிறம் இரண்டு போதும், எழுத்துக்குக் கறுப்பை ஒட்டிய ஒன்று. போர்டில் பளிச்சென்று இருக்கிற மஞ்சளை வெள்ளைத் திரையில் எழுத்துக்குப் போட்டால் படிக்கவே முடியாது, மஞ்சளைப் பின்னணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) குறைந்தது 4.5:1 இருக்கவேண்டும் என்கிறது எல்லோரும் படிக்கும்படி வெப்சைட் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதி, வெப்எய்ம் (WebAIM) தளத்தில் இலவசமாகச் சோதிக்கலாம். மத்தியான வெயிலில் துறைமுகத்து வாசலில் நின்று போனில் விலை பார்க்கிறவரை நினைத்துக்கொண்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

வெப்சைட்டின் உள்ளே வருகிற தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர் ஃபான்ட், இரண்டும் இலவசம். அளவு 17, 18 பிக்சல், வரி உயரம் 1.7 வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதுகிற இடைவெளியில் நம்முடைய மேல்விலங்கும் கீழ்விலங்கும் முட்டிக்கொள்ளும். விலைப்பட்டியலைப் படமாக ஒட்டாதீர்கள், எழுத்தாகவே போடுங்கள், கூகுளில் தேடுகிறவருக்கும் பார்வையில்லாதவர் போனில் கேட்பதற்கும் அதுதான் உதவும்.

படங்கள் உங்கள் கடையுடையதாகவே இருக்கட்டும். காலை வெளிச்சத்தில், டியூப் லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். வெப்சைட்டுக்கென்றே படத்தைச் சுருக்குகிற வெப்பி (WebP) ஃபார்மட்டில் ஒரு படம் 200 கேபிக்குள் இருந்தால் சுமாரான சிக்னலிலும் திறக்கும்.

கான்வா டெம்ப்ளேட் லோகோவை டிரேட்மார்க் செய்ய முடியாது, அதே படம் வேறு யாருக்கும் கிடைக்கும். சொந்த எழுத்து என்றால் விண்ணப்பிக்கலாம், தனிநபர் ஆன்லைனில் செய்தால் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவைப் பிரிவுக்கு) 4,500 ரூபாய், பதிவானால் 10 ஆண்டுகள் செல்லும்.

கடைசியாக டிசைனரிடம் வாங்கவேண்டியவை: எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி, வெள்ளை நிற லோகோ, ஐகான், நிறங்களின் ஹெக்ஸ் கோடு (ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள குறியீட்டு எண்), ஃபான்ட் பெயர்கள். எல்லாம் உங்கள் டிரைவில் ஏறிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.