கோடையிலும் பள்ளி திறக்கும் முன்பும் மலை வீடுகளில் நேரும் தவறுகள்

புதிதாகப் பணிக்கு வந்த இளம் செவிலியர் ஒருவர், நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லயன் (தொழிலாளர் வரிசை) வீடொன்றின் வாசலில் நின்று, "இதைத் தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள்" என்று ஒரு தாயிடம் ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள்) பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். பணிக்கு வந்த முதல் ஆண்டில் நான் சொன்னதும் இதே சொற்களைத்தான். கை கழுவ வேண்டும், ஈ மொய்த்ததைத் தின்னக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

எவ்வளவு தண்ணீர் என்று சொல்லாமல் ஓ.ஆர்.எஸ். கொடுப்பது

அந்த முதல் ஆண்டு மே மாதத்தில், இரண்டு வயதுப் பையன் ஒருவனுக்குப் பேதி என்று இரண்டு பாக்கெட் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாலை போனபோது, கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அவன் தாய், "நர்சம்மா, நீங்க சொன்ன மாதிரியேதான் கரைச்சுக் குடுத்தேன். மூணு டம்ளர் குடிச்சுட்டான், பேதி நிக்கவே இல்ல" என்றார். அடுப்பு மேடையில் ஒரு பாக்கெட் காலியாகக் கிடந்தது. இன்னொன்று பாதி தீர்ந்து, வாய் மடித்து ஊக்குக் குத்தி, சர்க்கரை டப்பாவின் மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. ஒரு டம்ளருக்கு அரைப் பாக்கெட் என்று அவர் கணக்கு வைத்திருக்கிறார். அந்த டம்ளரில் 200 மில்லிக்கு மேல் பிடிக்காது. பையனின் நாக்கு வறண்டிருந்தது. வயிற்றுத் தோலைத் தொட்டால் பிசைந்த மாவைத் தொடுவது போல இருந்தது. டம்ளரைக் கண்டதும் கை நீட்டிக் கீச்சுக் குரலில் அழுதான். எஸ்டேட் ஜீப்பில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் ஏறியிருந்த உப்பை மருத்துவர்கள் இரண்டு நாள் மெதுவாக இறக்கித்தான் அவனைக் காப்பாற்றினார்கள்.

20.5 கிராம் எடையுள்ள பெரிய பாக்கெட் முழுவதும் 1 லிட்டர் தண்ணீருக்கு உரியது. அதில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. குளுக்கோஸ் உப்பைக் குடல் சுவரின் வழியே உள்ளே இழுத்துச் செல்ல, உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது. கரைசல் கெட்டியாகிவிட்டால் இந்த வேலை தலைகீழாகிறது. உடம்பிலிருக்கும் நீரைக் குடல் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் பேதி கூடுகிறது, இரத்தத்தில் உப்பு ஏறுகிறது, பிள்ளைக்குத் தாகம் அதிகமாகிறது. தாகத்தைப் பார்த்த தாய் அதே கரைசலை இன்னும் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எவ்வளவு தண்ணீர் என்று நான் சொல்லவே இல்லையே.

மருந்துக் கடைகளில் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டும் விற்கிறது. கடையில் வாங்கிய சிறியதை ஒரு டம்ளரில் கரைத்துப் பழகியவர், நாம் கொடுக்கும் பெரியதையும் அப்படியே கரைப்பார். இதை எத்தனை முறை சொன்னாலும் பாக்கெட்டை மட்டும் நீட்டிவிட்டு நகர்கிறவர்களைக் காணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இப்போதெல்லாம் நான் வீட்டிலிருக்கும் ஒரு லிட்டர் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, என் கண்ணெதிரே தாயையே கரைக்க வைக்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் கொட்ட வேண்டும். சர்க்கரையோ பாலோ சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை பேதியான பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். பிள்ளை சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, கண் உள்ளே போனாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வீட்டில் வைத்துப் பார்க்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இனிப்பு அட்டைப்பெட்டிப் பானங்கள் இதற்கு மாற்றல்ல. அவற்றின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று அச்சிடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் பேதி என்றால் அதையே கேட்டு வாங்கும் பழக்கம் விடவில்லை.

பேதி நின்றதும் துத்தநாக மாத்திரையை நிறுத்துவது

பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு தரும் இந்த மாத்திரையை, பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

முதல் குமிழி வந்ததும் அடுப்பை அணைப்பது

ஏப்ரல், மே மாதங்களில் ஊற்று வற்றி, கிடைத்த தண்ணீரையெல்லாம் பிடித்து வைக்கும்போதுதான் வயிற்றுக் கோளாறுகள் பெருகுகின்றன. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில், தளதளவென்று கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விட்டு இறக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழே உள்ள குன்னூரில் ஒரு நிமிடம் போதும். எரிவாயு தீர்ந்துவிடுமே என்ற கவலை எனக்கும் தெரியும். குடிப்பதற்கு மட்டுமாவது இப்படிச் செய்யுங்கள்.

கீழே போன அன்றே பிள்ளையை வெயிலில் விடுவது

விடுமுறைக்கு மேட்டுப்பாளையம், கோவை என்று உறவினர் வீடுகளுக்குப் போகும் நம் பிள்ளைகளின் உடம்பு குளிருக்குப் பழகியது. வெயிலுக்குப் பழக அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து நண்பகலில் கிரிக்கெட் ஆட விட்டால், அவர்கள் நன்றாக இருக்கும்போதே நம் பிள்ளை தலைசுற்றி விழும். முதல் வாரம் காலையிலும் மாலையிலும் மட்டும் விளையாடட்டும்.

மலையிலும் வெயில் இல்லையென்று எண்ண வேண்டாம். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது தெரிவதில்லை.

மூடிய அறையில் கரி அடுப்பு

ஓர் இரவுகூட வேண்டாம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் நச்சு வாயு, அதற்கு மணமே கிடையாது.

தடுப்பூசி அட்டையை ஜூனில் தேடுவது

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் தென்மேற்குப் பருவமழையும் தொடங்குகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அடைமழையில் கைப்பிள்ளையோடு வெளியே கிளம்புவதே பெரும்பாடு. 5 முதல் 6 வயதுக்குள் போடும் முத்தடுப்பு ஊசியின் இரண்டாம் ஊக்கத் தவணையையும், 10 மற்றும் 16 வயதில் போடும் டி.டி. (Td: இரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசியையும் மே மாதத்தில் தடுப்பூசி போடும் புதன்கிழமை ஒன்றிலேயே முடித்துவிடுங்கள். அட்டை தொலைந்துவிட்டது என்பதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். முதல் ஊசி போட்ட துணை சுகாதார நிலையத்தில் பிள்ளையின் பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் சொல்லுங்கள். பதிவேட்டில் தேடிப் பார்த்துப் புது அட்டை எழுதித் தருவோம்.