பாட்டாகிட்ட பேசுன்னு போனை நீட்டாதீங்க

ஞாயித்துக்கிழமை ஆனா போன் போட்டு "இந்தா, பாட்டாகிட்ட பேசு"ன்னு (பாட்டான்னா எங்க ஊர்ல தாத்தா) பையன் கைல திணிக்க வேண்டியது, அவன் "சாப்டீங்களா"ன்னு கேக்க, அங்கேந்து "சாப்பிட்டேன் மக்களே, நல்லா படிக்கியா"ன்னு வர, இவன் "ம்"ங்க, 40 செகண்டுல கதை முடிஞ்சுது. எங்க வீட்டுல நாலு வருஷம் இதுதான் ஓடிச்சு. நாங்க சென்னை, எங்கப்பா கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் ரப்பர் விளைய, அதாவது தோட்டத்தப் பாத்துக்கிட்டு தனியா இருக்கார். பையனுக்கு 15. பாசத்துக்கு ஒரு குறையும் இல்ல, பேச விஷயம்தான் இல்ல.

அதனால மொதல்ல, பாட்டாவுக்கு மட்டுமே பதில் தெரிஞ்ச கேள்வியா ஒண்ணு பையன் கைல குடுங்க. இங்க கடைல ஒரு சீப்பு வாழைப்பழத்த எங்க ஊர் மட்டிப் பழம்னு சொல்லி வித்தாங்க, போட்டோ எடுத்து பாட்டாவுக்கு அனுப்புடான்னேன். மூணு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு! அது மட்டியே இல்லியாம், பாளையங்கோட்டானாம், மட்டின்னா எப்படி இருக்கும், துளுவன், ஏத்தன், செவ்வாழைன்னு ஒரு ரவுண்டு அடிச்சிட்டார். வாய்ஸ் மெசேஜ்ல இன்னொரு வசதி, காது மந்தமானவங்க திரும்பத் திரும்ப போட்டுக் கேக்கலாம், பையனும் அவன் மூடு பாத்து பதில் போடுவான். "எனக்க விளை" (என்னோட தோட்டம்), "படப்பிடாது" (படக்கூடாது)ங்கிற பேச்செல்லாம் ஆரம்பத்துல அவனுக்குப் புரியாது, நீங்க நடுவுல போய் விளக்காதீங்க, அவனே கேட்டுக்கட்டும்.

அப்புறம் லீவுக்கு அவன மட்டும் அனுப்புங்க. சென்னைல அனந்தபுரி ரயில்ல ஏத்திவிட்டா குழித்துறைல எறங்கிக்கலாம். நீங்க கூட இருந்தா ரெண்டு பேரும் உங்ககிட்டதான் பேசுவாங்க. திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம்லாம் ஒரு நாள் போதும், மிச்ச நாளுக்கு வேலை வேணும். ரப்பர் வீடுன்னா டிசம்பர் லீவு நல்லது, குளிருக்கு ரப்பர் பால் நல்லா ஓடும். பிப்ரவரி, மார்ச்சுல இலை உதிர்ற நேரம், பால் வெட்ட மாட்டாங்க, போய் சும்மா உக்காந்திருக்கணும்.

போன டிசம்பர்ல ரெண்டு நாள் கழிச்சு நானும் போனேன். விடியுறதுக்கு முன்னாடியே தலைல லைட்டக் கட்டிக்கிட்டு ரெண்டும் விளைக்குள்ள நிக்குது. பையன் கத்திய அழுத்திட்டான் போல, "பைய மக்களே, தோலு மட்டும் போனா போதும், தடியில கத்தி படப்பிடாது"ன்னு அவன் கைய பிடிச்சு ஒரே சரிவா இழுத்துக் காட்டினார். வெள்ளையா பால் கோடு எறங்கி சிரட்டைல சொட்ட ஆரம்பிச்சதும் ரெண்டு பேரும் பேசாம அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. எங்கிட்ட எங்கப்பா இவ்ளோ பொறுமையா இருந்ததே கெடயாது, கொஞ்சம் பொறாமையாத்தான் இருந்துச்சு. உறைஞ்ச பால ரப்பர் ஷீட்டா அடிக்கிற மெஷின சுத்துறது அப்புறம் முழுக்க இவன் வேலையாயிடுச்சு. விளை இல்லாத வீட்டுல மீன் வாங்கப் போறது, முந்திரிக்கொத்து பிடிக்கிறதுன்னு கை அழுக்காகுற எதுவும் சரிதான்.

கை வேலை செஞ்சா வாய் தானா தொறக்கும். எங்கப்பாவுக்கு 79. திருவிதாங்கூர்-கொச்சில இருந்த எங்க பகுதி தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினவங்க மேல 1954 ஆகஸ்ட் 11ல புதுக்கடைலயும் மார்த்தாண்டத்துலயும் துப்பாக்கிச் சூடு நடந்தப்போ சின்னப் பையன், 1956 நவம்பர் 1 கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தது ஞாபகம் இருக்கு. இதெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஷீட் காயப் போட்டுக்கிட்டே அவன்கிட்ட சொல்லியிருக்கார்.

ஒண்ணே ஒண்ணு, உங்களுக்கும் உங்கப்பாவுக்கும் இருக்குற சொத்துப் பேச்சு, பழைய கோவம் எதையும் பையன் காதுல போடாதீங்க. நான் ஒரு தடவை வாய்விட்டு, அவன் ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போன் பண்ணல.

போன வாரம் மழைக்கு மரத்துல பிளாஸ்டிக் கட்டுறதப் பத்தி ரெண்டும் என்னவோ பேசிக்கிட்டு இருந்துச்சு. என்னடான்னு எட்டிப் பாத்தேன், எழுந்து வந்து கதவ சாத்திட்டான்.